எழுபதில் வைத்தது

முசாஃபா, இரவு ஷிஃப்ட்.
மருத்துவமனை வண்டி பின்பக்கமாய் வந்து ஒட்டி நிற்கும்.
சிவப்புப் பைகள் என் பக்கம், நீலப் பைகள் தில்பகதூர் பக்கம்.
ரத்தம் எனக்கு.
சோறும் நெய்யும் அவனுக்கு.

மஞ்சள் டிரம்மில் இருப்பது நொதி என்று
இங்கே யாருக்கும் தெரியவேண்டியதில்லை.
குழாய் வழியே அதுவாகச் சொட்டும்.
எனக்குத் தெரியும்.
திருநெல்வேலியில் மூன்று வருடம் அதைத்தான் படித்தேன்.
நொதியின் வேகத்தைப் பாதிக்கும் காரணிகள் யாவை?
பத்து மதிப்பெண். எட்டு வாங்கினேன்.

அதன் உடம்பில் ஒரு பள்ளம்.
பூட்டு, சாவி என்று எழுதச் சொல்வார்கள்;
அவ்வளவு விறைப்பில்லை.
சட்டைக்குள் கை நுழையும்போது
சட்டையும் கொஞ்சம் கையாகிறதே, அப்படி.
ரத்தத்தின் புரதச் சரடு வந்து படுக்கும்.
பள்ளம் ஒடுங்கிப் பிடிக்கும்.
சரடு இரண்டாய்ப் போகும்.
பள்ளம் திறக்கும். அடுத்தது.
நொடிக்கு எத்தனை என்று எண்ண
என் விரல்கள் போதாது, தில்பகதூரின் விரல்களும்
(அவனுக்கு ஒன்பது).

கறை தானாகவும் அவிழும்,
வருடக்கணக்கில்.
நடுவில் ஒரு மேடு இருக்கிறது.
நொதி யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை,
மேட்டைத் தணிக்கிறது, அவ்வளவுதான்.
எமிக்ரேஷனில் நமக்கொரு ஆள் இருப்பது மாதிரி.

காரம் கொஞ்சம் பிடிக்கும் அதற்கு.
ப்ளீச் பக்கத்தில் வந்தால் செத்துப்போகும்.
வேலை முடிந்தபின்னும்
வந்தபடியே இருக்கும் என்று புத்தகத்தில் உண்டு.
அந்த வரியை மட்டும் இப்போதென்றால் இருமுறை படிப்பேன்.

பெருநாள் வாரம் பைகள் இரட்டித்தன.
மேலாளர் ஃபாதில் இயந்திரத்தைத் தட்டி
இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றார்.
பள்ளங்கள் எல்லாம் நிறைந்தபின்
வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றால் என்ன?
காலை நாலரை மணிக்குக் கேம்ப் கழிவறையைப் பாருங்கள்.
நான்கு கதவு. அறுபது பேர்.
அதிலும் ஒருவன் உள்ளே போய்
வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பான்.
(அவனுக்கும் பாடத்தில் பெயருண்டு: தடுப்பான்.)

பத்து டிகிரி கூட்டினால் வேகம் இரட்டிக்கும்
என்பதும் நான் எழுதியதுதான்.
ஓர் அளவு வரை, என்றும் எழுதியிருந்தேன்.
அன்றைக்கு மூன்று மணிக்கு
முதல் வாக்கியம் மட்டும் ஞாபகம் வந்தது.
ஆறாம் இயந்திரத்தை எழுபதில் வைத்தேன்.

கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது.
ரத்தம் போகவில்லை. வெந்திருந்தது.
நாற்பது விரிப்பிலும் பழங்காப்பி நிறத்தில்
துணியோடு துணியாய்.
நொதியும் வெந்திருக்கும்,
பள்ளம் இருந்த இடத்தில் சிக்கெடுத்த நூல்கண்டு.
அவித்த முட்டையை யார் திரும்பப் பச்சையாக்குவது?

முந்நூறு திர்ஹாம் பிடித்தார்கள்.

ஆகஸ்டில், வண்டியிறக்கும் மேடையில்
தில்பகதூர் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சாய்ந்தான்.
தோல் காய்ந்து சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.
தன் மொழியில் யாருக்கோ
பாக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.
முதலுதவிப் பெட்டித் தெர்மாமீட்டரில்
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
எண்ணையே பார்த்து நின்றேன்.
அவனுக்குள் எத்தனை கோடிப் பள்ளங்கள்,
எல்லாம் முப்பத்தேழுக்கென்று வளைந்தவை.
ஐஸ், ஐஸ் என்று கத்தினேன்.
கேன்டீன் மீன்பெட்டி ஐஸ்
அக்குளில், கழுத்தில், தொடையிடுக்கில்.
ஈர விரிப்பைப் போர்த்தினோம்,
நாங்கள் வெளுத்தது.

பிழைத்தான். பதினோரு நாள்.
திரும்பி வந்தபின் பெயர்கள் வர
அவனுக்குக் கொஞ்சம் நேரமாகிறது.
என்னை ஆறாம் நம்பர் என்கிறான்.

கழித்த விரிப்புகளைக் கேம்ப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.
என் கட்டிலில் ஒன்று.
இடது ஓரம், தோள் படுகிற இடத்தில்,
யாருடையதென்று தெரியாத ரத்தம்.
போகாது. போகாதென்று எட்டு மதிப்பெண் அளவுக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமை தோறும்
குளிர்ந்த நீரில் ஊறப்போடுகிறேன்.